கமலியைக் கொன்ற கதை

ஒரு பெண்மணியை அவர் வீட்டு ஹாலிலேயே, அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, நான் கொன்றிருக்கிறேன். அவர் நலமாக இருக்கிறார். நான்தான் இன்னும் சரியாகவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஓய்வு நேரத்தில் எழுத்தாளன். (அலுவலக நேரத்திலும்தான், மேனேஜர் படிக்கமாட்டார் என்ற தைரியம்.) உளவாளி வேலவன் கதைகள் முப்பத்தொன்றையும் கரைத்துக் குடித்தவன். அவற்றை எழுதியவர் இறந்தபின், வேறொருவரை வைத்து வேலவனை ஆடியோ தொடராகத் தொடர ஒரு நிறுவனம் முடிவு செய்தது. நான் மாதிரிக்கு எழுதி அனுப்பிய அத்தியாயம் தேர்வானது. ஒரே நிபந்தனை: மறைந்த எழுத்தாளரின் மனைவி கேட்டுவிட்டுச் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்த அம்மா இருப்பது திண்டிவனத்தில். பார்வை மங்கியதால் கதைகளைக் காதால் கேட்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி மாலதியும் பஸ் ஏறினோம். கையில் ஒப்பந்தம், அத்தியாயத்தின் ஒலிப்பதிவு இருந்த செல்போன், சின்ன ஸ்பீக்கர்.

பஸ்ஸில் மாலதி கேட்டாள்: "ஏங்க, எல்லாக் கதையிலயும் வர்ற பொம்பளய எதுக்கு மொத அத்தியாயத்துலயே சாவடிக்கிறீங்க?"

அவள் கேட்டது கமலியைப் பற்றி; வேலவனின் மனைவி. முப்பத்தொரு கதைகளிலும் அவள் செய்தது இரண்டே வேலை: காபி கொடுப்பது, "எப்ப வருவீங்க?" என்று கேட்பது. ஆகவே கூட்டேரிப்பட்டில் காரை நிறுத்தி அவள் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வாங்கும்போது குண்டு வைத்துவிட்டேன்.

"கதைக்கு ஒரு வேகம் வேணும்டி. உனக்குப் புரியாது" என்றேன். அன்று நான் பேசியதில் மிக முட்டாள்தனமான வாக்கியம் இதுதான் என்று சொல்லமுடியாது. பின்னால் போட்டி கடுமையாக இருந்தது.

அம்மா அன்பாக வரவேற்றார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். கமலி பேசியபோது புன்னகைத்தார். "அவரு மாதிரியே எழுதிக்கினு இருக்கீங்க தம்பி" என்றார். நான் பூரித்துப்போய், குண்டு நன்றாக வெடிக்கட்டும் என்று ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கமலி?" என்றார் அம்மா.

"செத்துட்டாங்கம்மா."

"எதுக்கு?"

"கதைக்கு ஒரு வேகம்..."

"பேப்பர்லதான் தம்பி நான் கனகவல்லி. ஊட்ல அவரு என்னைய கமலின்னுதான் கூப்புடுவாரு."

மாலதி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். என் வாயிலிருந்த காபியை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. விழுங்கிவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:

"அது கமலியே இல்லம்மா! கமலி மாதிரி வேஷம் போட்ட எதிரி நாட்டு ஆளு!"

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

"விழுப்புரத்துல... உங்க அக்கா வீட்டுல."

"எனக்கு அக்கா கெடையாதே."

"கதையிலம்மா."

"அங்க என்னா பண்ணிக்கினு இருக்கேன்?"

நான் ஸ்பீக்கரை அணைத்தேன். அம்மா கண்ணைத் திறந்தார். கோபமில்லை, அதைவிட மோசமாக, யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தபா அவரையே கேட்டேன் தம்பி, காபி போட்டே கை நோவுது, கதையிலயாவது எதுனா ஒரு வேல குடுங்கன்னு. சிரிச்சாரு. அவ்ளோதான்." பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். "போடறேன். ஆனா அந்தக் குண்ட வெச்சவன நான்தான் புடிக்கணும். வேலவன் இல்ல."

மாலதி பேனாவைக் கொடுத்த வேகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

கமலி பிடித்தாள். அதன்பின் பலரையும் பிடித்தாள். கேட்பவர்கள் இப்போது வேலவனைப் பற்றி விசாரிப்பதே இல்லை. ஒவ்வொரு பகுதி வந்த மறுநாளும் திண்டிவனத்திலிருந்து போன் வரும்:

"தம்பி, பத்து நிமிசமா என் பேச்சே காணோம். உசுரோடதான இருக்கேன்?"

"இருக்கீங்கம்மா. லாரிக்கு அடியில ஒளிஞ்சிருக்கீங்க."

இது வீட்டிலும் பரவிவிட்டது. நான் எழுத உட்கார்ந்து கொஞ்சம் அதிக நேரம் அமைதியாக இருந்தால், உள்ளிருந்து என் மகள் கத்துகிறாள்: "அப்பா, நானும் அம்மாவும் உசுரோடதான இருக்கோம்?"