கெட்டிலுக்கு நடை தடுக்குகிறது

எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் பால் வைத்தான். வழக்கம்போல இரண்டு பேருக்கான அளவு. ஒரு கப் குடித்தான். மற்றதைக் கீழே ஊற்ற மனம் வராமல் அதையும் குடித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

வேலை, வீடியோ கேமுக்குப் படம் வரைவது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் மாதிரியே எல்லாம் காகிதத்தில், கையால். யாருக்கும் கை கால்களில் எலும்பு கிடையாது, ரப்பர் குழாய்தான். மரம், நிலா, வில்லன் எல்லாம் பாட்டின் தாளத்துக்கு ஆடும். கதாநாயகன், கை கால் முளைத்த ஒரு டீ கெட்டில். அதன் நடையை வரைந்தது அவன் மனைவி. அவள் கடைசியாக வரைந்ததும் அதுதான்.

மேனேஜர் காத்திருந்தார்.

"உன் கெட்டில் தடுக்குதுப்பா. எல்லாரும் தாளத்துக்கு ஆடுறாங்க, இது மட்டும் நடுவுல நின்னு யோசிக்குது. பட்டனை அமுக்குறவன் கடுப்பாயிடுவான்."

"அவ முடிக்கல சார். உடம்பு முடியாம..."

"தெரியும்ப்பா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா அந்தப் படத்தையெல்லாம் தூக்கிட்டு கம்ப்யூட்டர்லயே நடக்க வெச்சுடலாம்."

அவள் போட்ட கோடு இன்னும் நடமாடுவது அந்தக் கெட்டிலில் மட்டும்தான்.

நடையின் படங்களில், தடுக்கும் இடத்தில் புதிதாக ஒரு படம் வரைந்து சேர்த்தான். கெட்டில் எண்ணெயில் கால் வைத்ததுபோல வழுக்கியது. இரண்டை எடுத்தான். சுடுமணலில் போவதுபோலத் துள்ளியது. கோடும் ஒட்டவில்லை. அவளுடையது மூச்சு விடும். இவனுடையது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கெட்டிலைப் பழையபடி வைத்துவிட்டு, பாட்டின் தாளத்தை நகர்த்திப் பார்த்தான். கெட்டில் ஒழுங்காக நடந்தது. மரங்கள் தள்ளாடின. நிலா சரிந்தது. வில்லன் தன் தொப்பியைத் தானே வெட்டிக்கொண்டான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"காலையில ஒருத்தன்தான் தடுக்கினான். இப்ப ஊரே குடிச்சிருக்கு!"

சத்தம் கேட்டு, பென்சில் கோட்டின் மேல் மை ஓட்டும் பெண் வந்தாள். லீவு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"ஐயோ அண்ணா, அதை ஏன் தொட்டீங்க?"

"தடுக்குது. அவ பாதியில விட்டுட்டா."

"யாரு சொன்னா? அக்கா எப்பவோ முடிச்சுட்டாங்க. தாளத்துக்குக் கச்சிதமா நடந்துச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டேதான் அந்த ஒரு இடத்தை மாத்தினாங்க. கை நடுங்குதுன்னு நான்தான் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க. வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க. அப்புறம்தான் கண்ணே திறக்கலையே."

மேனேஜர் பாட்டை நிறுத்தினார்.

"மாத்தும்போது என்ன சொன்னா?" என்றான் அவன்.

அவள் திரையைப் பார்த்தபடி, அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள்:

"'உங்க அண்ணன் எங்க நடந்தாலும், நடுவுல ஒரு தடவை நின்னு நான் பின்னாடி வர்றேனான்னு பார்ப்பாருடி. அதை எடுத்துடாதீங்க.'"