டிராகன் வேண்டாம் என்பவர்

“பண்பாட்டு விமர்சகர். வீடியோ கேம் என்னும் புதிய கலை, வாளையும் மாயத்தையும் துறந்து வாழ்க்கையை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என இருபது ஆண்டுகளாக வலியுறுத்தி வருபவர். ஆழ்ந்த வாசகர். பொறுமையான ஆட்டக்காரர்.”

ஒரு கருத்தரங்கத்தின் அழைப்பிதழில் என் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது. எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். ‘பொறுமையான’ என்ற சொல்லைக் கடைசி நேரத்தில் போன் செய்து சேர்க்கச் சொன்னதும் அவரேதான்.

முதிர்ச்சி கேட்போர் என்று ஓர் இனம் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவு, சத்தத்தில் அதிகம். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பொழுது போகாமல் கைபேசியில் எதையோ சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள், பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் திரையை எட்டிப் பார்க்கிறார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார், சட்டை நுனியில் துடைக்கிறார், திரும்ப மாட்டுகிறார், ஒரு பெருமூச்சு விடுகிறார் என்றால், தெரிந்துகொள்ளுங்கள், அவர் எங்கள் ஆள். “நாவல் வளர்ந்தது, சினிமா வளர்ந்தது, இது மட்டும் ஏன் சார் இன்னும் அரைக்கால் சட்டையோட திரியுது?” என்று ஆரம்பிப்பார். எத்தனை நாளைக்கு டிராகனை வெட்டிக்கொண்டிருப்பது? முதுமை எங்கே? பிரிவு எங்கே? வேலை போனவனின் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கே? நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள், வாயில் பஞ்சு இருக்கும். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

எங்கள் கணினியைத் திறந்து பார்த்தால் உங்களுக்கு மரியாதை வரும். ஓய்வுபெறும் தபால்காரர் தன் தெருக்களைக் கடைசி முறையாகச் சுற்றிவரும் விளையாட்டு இருக்கும். மன்னிப்புக் கேட்கக் கிளம்பியவர் ரயிலைத் தவறவிட்டு நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கும் விளையாட்டு இருக்கும். எல்லாம் தள்ளுபடியில் வாங்கியவை. எல்லாவற்றையும் ஊரில் பாதிப் பேருக்குப் பரிந்துரைத்திருக்கிறோம். எதையும் திறந்ததில்லை. திறந்து திறந்து தேய்ந்துபோனது வேறொன்று. அதில் எனக்கு இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய ஒரு கோடரி இருக்கிறது, தோளில் ஓநாய்த் தோல் இருக்கிறது, மூன்று ராஜ்ஜியங்களில் நல்ல பெயரும் இருக்கிறது.

“அப்போ இது என்னவாம்?” என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

“ஆய்வு.”

“ஆய்வுல எதுக்கு ‘செத்துப் போடா’ன்னு கத்தினீங்க?”

அவளுக்கு மின்வாரியப் புகார்க் கவுண்டரில் வேலை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் பலூன் உடைப்பாள். நான் அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறேன், அவள் பெயரைச் சொல்லாமல்.

“நாள் பூரா கரண்ட் போன வீட்டுக் கதையைக் கேட்டுட்டு வர்றேன். குழந்தை அழுகை, மாமியார் சாபம் எல்லாம் சேத்து. இதுக்கு மேல எனக்கு எங்கே முதிர்ச்சி வேணும்? பலூன் போதும்” என்றாள்.

இதற்கு என்னிடம் நான்கு பகுதிகள் கொண்ட பதில் இருந்தது. முதல் பகுதி முடிவதற்குள் அவள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, கட்டுரை எழுதாத நேரங்களில்.

இனத்தைப் பற்றி இவ்வளவு போதும். இனி ஒரு மாதிரியை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். வேறு யாரும் சம்மதிக்காததால் என்னையே.

என் அக்கா மகள் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என் கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவள், அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். இரண்டு வருடமாக உட்கார்ந்து கம்பெனிக்காகத் தானே ஒரு விளையாட்டைச் செய்திருந்தாள். போன வாரம் போன் செய்தாள்.

“அம்மா வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்தாங்கல்ல மாமா, அந்த ஒரு நாள்தான் மொத்த கேமும். அம்மா ஒவ்வொரு பொருளா எடுத்து அதோட கதையைச் சொல்லுவாங்க. நாம கேட்டுட்டு, எதைப் பெட்டியில வைக்கணும், எதைத் தூக்கிப் போடணும்னு முடிவு பண்ணணும். அவ்வளவுதான். குரல்கூட அம்மாவோடதே.”

“இதைத்தானேம்மா இருபது வருஷமா கேட்டுட்டிருக்கேன்!”

“எங்க மேனேஜருக்குப் போரடிக்குதாம். நடுவுல ஒரு திருடன் வரணும், சண்டை போட்டு விரட்டணும்ங்கறார். திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். நீங்க விளையாடிப் பாத்துட்டு ‘இப்படியே இருக்கட்டும்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் அவர்கிட்ட அடிச்சுப் பேசிடுவேன். இல்லேன்னா திருடன்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் என் அக்காவின் வீடு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த பள்ளம், ஒரு வளையம் குறைந்து ஒரு பக்கமாகத் தொங்கும் திரைச்சீலை, பொத்தான்களைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பா, எல்லாம் அப்படியே இருந்தன. நான் முதலில் செய்த காரியம், குதிக்க முடிகிறதா என்று பார்த்தது. முடியவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தேன், ரகசிய அறை இல்லை. அலமாரிகளை ஒன்று விடாமல் திறந்தேன், தங்கக் காசு இல்லை. அக்கா ஒரு கண்ணாடி ஜாடியைக் கையில் எடுத்து, “இது எப்போ வாங்கினது தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். திரையின் மூலையில் ‘தாண்டு’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. என் விரல் என்னைக் கேட்கவில்லை. விளையாட்டில் யாராவது பேச ஆரம்பித்தால் அது சண்டைக்கு முந்தின இடைஞ்சல் என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஜாடியைத் தாண்டினேன், இஸ்திரிப் பெட்டியைத் தாண்டினேன், அத்தானின் குடையைத் தாண்டினேன். காதில் மாட்டும் கம்பி உடைந்த மூக்குக் கண்ணாடி ஒன்று வந்தது. போட்டுக்கொண்டால் ஏதாவது சக்தி கூடுமா என்று பார்த்தேன். கூடவில்லை. குப்பைப் பையில் போட்டேன். வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எதிரிகள் வந்துவிட்டார்கள் என்று சிலிர்த்து எழுந்தேன். சாமான் ஏற்ற வந்தவர்கள். ‘முற்றும்’ என்று வந்தது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“முடிச்சீங்களா மாமா?”

“முடிச்சேம்மா. அந்த மௌனத்தை நீ கையாண்டிருக்கிற விதம் இருக்கே…”

“மௌனமா? அம்மா வாயே மூட மாட்டாங்களே!”

“அந்தப் பேச்சுக்குள்ள இருக்கிற மௌனத்தைச் சொல்றேன்.”

“சரி, உங்களைப் பத்தி அம்மா சொல்றது எப்படி இருந்தது?”

“கண்ணு கலங்கிடுச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“அதான்… அந்தப் பெட்டியை வெச்சு…”

“எந்தப் பெட்டி? வீடு முழுக்கப் பெட்டிதான் மாமா.”

நான் இருமினேன். எங்கள் இனத்துக்கு அது ஒரு கைகொடுக்கும் வித்தை.

“கண்ணாடியை என்ன பண்ணினீங்க?” என்றாள்.

“எந்தக் கண்ணாடி?”

“உங்க கண்ணாடி. மூணாங்கிளாஸ்ல எல்லாரும் கேலி பண்ணினாங்கன்னு உடைச்சு வீசினீங்களாமே, அது. அம்மா பொறுக்கி வெச்சிருந்தாங்க. ‘இதைத் தூக்கிப் போட்டுடாதடி, தம்பி ஒருநாள் வந்து கேப்பான்’னு சொல்லுவாங்க. அதை வெச்சுத்தான் கடைசி காட்சியே மாறும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மட்டும் நன்றாகவே கையாண்டேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒரு கட்டுரையாவது தேறியிருக்கும். “அந்தத் தாண்டு பட்டனை நான்தான் வெச்சேன் மாமா, அவசரக்காரங்களுக்கு இருக்கட்டும்னு. போகட்டும் விடுங்க. நீங்களே உக்காந்து கேக்கலைன்னா வேற யார் கேக்கப் போறாங்க? மேனேஜர் சொல்றது சரிதான். திருடனைச் சேத்துடறேன்.”

நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். “வேண்டாம்மா, தப்பு என்மேல, அக்கா பேசட்டும், நான் மறுபடி கேக்கறேன்” என்றிருப்பீர்கள். நல்லவர்கள் நீங்கள். ஆனால் சற்று முன்னால் அக்கா வீட்டைப் பற்றிய பத்தி கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததும், கண்ணை ஓட்டிவிட்டுப் பேச்சு ஆரம்பிக்கிற வரியில் வந்து நின்றவர்கள் உங்களில் எத்தனை பேர்? நேற்று வீட்டில் ஒருவர் எதையோ சொல்லத் தொடங்கியபோது “சரி சரி, புரிஞ்சுது” என்றீர்களே, உங்கள் விரல் அப்போது எந்தப் பொத்தானின் மேல் இருந்தது? யோசித்துப் பாருங்கள். எங்கள் இனத்தில் சேரச் சந்தா எதுவும் கிடையாது.

அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. திருடன் கையில் கத்தி இருக்குமா என்று கேட்டேன்.