பேலுக்குள் போன கையுறை

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வெந்துவிட்டதா என்று பானையை மூன்று தரம் திறந்து பார்த்து, அதனாலேயே அதை வேகவிடாமல் செய்கிற ஆள் நான். தலையை நீட்டி எட்டிப் பார்த்தால் பஸ் சீக்கிரம் வந்துவிடும் என்று இந்தக் கிழ வயதிலும் நம்புகிறேன். இந்தக் குணத்தால் கெடுத்த காரியங்கள் பல. பெரும்பாலானவற்றில் பழியை யார் தலையிலாவது கட்டிவிட்டுத் தப்பித்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் முடியவில்லை. அதற்கான சாட்சி எங்கள் வீட்டு அடுப்படியிலேயே வருஷக்கணக்கில் கிடந்தது.

அறுபதுகளின் கடைசி. திருப்பூரில் என் மாமனாரின் பனியன் கம்பெனியில் நான் மேனேஜர். கோயமுத்தூரில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால், எந்த மிஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (நான் போய் இடுப்பில் கை வைத்து நிற்பேன். சற்று நேரத்தில் அது அதும்பாட்டுக்கு ஓடும். பேர் எனக்கு.)

என் மனைவி சரசுவின் தம்பி அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான். லீவில் வந்தவன் என் மகள் மல்லிகாவுக்கு ஒரு தோல் கையுறை கொண்டுவந்தான். அங்கே பேஸ்பால் என்று ஒரு விளையாட்டாம், அதில் பந்து பிடிக்க மாட்டிக்கொள்வதாம். சிறு பிள்ளைகளுக்கான அளவுதான். ஆனாலும் விரல்கள் ஒவ்வொன்றும் செவ்வாழைப் பழம் போலிருந்தன. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுதான் விழுந்தது.

"ஏப்பா, இன்னொன்னு எங்கே? ஏரோப்ளேன்லயே உட்டுட்டு வந்துட்டியா?"

"ஒரு கைக்குத்தானுங்க மச்சான். இன்னொரு கை பந்து எறியறதுக்கு."

அது எனக்குத் தெரியாமலில்லை என்பதுபோலத் தலையாட்டினேன்.

கையுறை புதுச் செருப்பின் அடித்தோல் மாதிரி விறைத்திருந்தது. பந்து அதில் பட்டால் சுவரில் பட்டதுபோலத் திரும்பி ஓடியது. மச்சினன் சிரித்தான். "புதுசு அப்பிடித்தானுங்க இருக்கும். எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டு நீவுனாப் போதும். டெய்லி சாயங்காலம் புள்ளையோட கொஞ்ச நேரம் பந்து போட்டுப் புடிங்க. அவ கைக்குத் தக்கன அதுவா எளகீரும்."

மல்லிகா இதை ஒரு எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

மச்சினன் விமானம் ஏறிப் போய்விட்டான். மறுநாளிலிருந்து நான் கம்பெனி விட்டு வரும்போதெல்லாம் கேட்டருகே ஒரு ரப்பர் பந்தும் கையுறையுமாக மல்லிகா நிற்பாள்.

"ஏனுங்கப்பா, பந்து போடறீங்களா?"

"நாளைக்குக் கண்ணு."

நாளைக்கும் கம்பெனியில் லோடு இருக்கும். அப்படி இல்லாத நாளில், நாளை மறுநாள் இருக்கப்போகும் லோடைப் பற்றிய கவலை இருக்கும். அவள் தானே சுவரில் பந்தை எறிந்து, தானே பிடிக்கப் பார்ப்பாள். நான் உள்ளே கணக்குப் பார்த்தபடி, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்து கண்ணு" என்பேன்.

எங்கள் வீதிப் பையன்களுக்கு ஒரு கிரிக்கெட் கோஷ்டி இருந்தது. 'பொட்டப்புள்ளைங்களைச் சேர்க்கிறதில்லை' என்பது அவர்கள் சட்டம். அமெரிக்கக் கையுறையைப் பார்த்ததும் சட்டம் வளைந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீதியோடு மேட்ச், மல்லிகா விக்கெட் கீப்பர். ஆனால் பந்து கையில் நிற்க வேண்டும், குதித்து ஓடினால் கையுறையைக் கொடுத்துவிட்டு அவள் ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று எதிர்வீட்டுக் கேப்டன் நிபந்தனை போட்டிருந்தான்.

சனிக்கிழமை காலையில் சரசுவும் மல்லிகாவும் அவிநாசிபாளையத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். வண்டி ஏறும்போது மல்லிகா கையுறையை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு மேட்சுங்கப்பா. இன்னைக்கு நான் திரும்பி வந்ததுக்கப்பறமாச்சும் போடுவீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? நீ திரும்பி வர்றதுக்குள்ள பஞ்சாட்டம் ஆக்கி வெக்கறேன் பாரு."

அவள் நம்பினாள் என்பதுதான் இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குவது என்பது மிஷின் இல்லாத நாட்டுக்காரன் சொல்கிற யோசனை. (சொன்னவன் அமெரிக்காவிலிருந்து வந்தவன் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.) இளக்கத்துக்கு வேண்டியது என்ன? வெப்பம், ஈரம், அழுத்தம். மூன்றும் எங்கள் கம்பெனியில் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

பின்னிய துணியை நீராவியில் காட்டி உருளைகளில் விட்டுச் சுருக்கம் எடுக்கிற காலண்டர் மிஷின் இருந்தது. முதலில் அதன் ஆவியில் கையுறையைப் பிடித்தேன். இட்லி வேகும் நேரத்தில் தோல் வெண்ணெய்போல ஆகிவிட்டது. உள்ளங்கை மடங்கியது, விரல்கள் தொங்கின. சரக்கை அழுத்திச் சாக்கில் தைத்துப் பேலாக, அதாவது சிப்பமாக, கட்டும் மேஸ்திரி ஆறுமுகம் வேலையை விட்டு வந்து பார்த்தார்.

"ஏனுங் மேனேஜர், இது யாரு கையிங்க? ராட்சசனுதுங்களா?"

"விஞ்ஞானம்யா இது. போய் வேலையைப் பாரு."

அடுத்தது எண்ணெய். ஒரு சொட்டு என்று மச்சினன் சொன்னது ஒருநாளைக்கு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்து எண்ணெயை ஒரே தவணையில் விட்டுவிட்டால் ஆயிற்று. தையல் மிஷின் எண்ணெய் கேனைக் கவிழ்த்துப் பிடித்தேன். உள்ளே ரப்பர் பந்தை வைத்து மடக்கி, நாடாவால் கட்டி, காகிதத்தில் சுற்றினேன்.

கடைசியாக அழுத்தம். பனியன்களை அடுக்கி மேலே பலகை வைத்து நாலு ஆள் திருகைச் சுற்றினால், ஆள் உயரக் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். அதுதான் பேல் பிரஸ். சாப்பாட்டு நேரம், அங்கே யாருமில்லை. பாதி அடுக்கியிருந்த வெள்ளைப் பனியன்கள் மேல் பொட்டலத்தை வைத்து, பலகையை இறக்கி, திருகை லேசாக ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு மணி நேரம் போதும் என்பது என் கணக்கு.

அந்த நேரம் பார்த்து மாமனார் கூப்பிட்டார். "மாப்ள, வேலம்பாளையத்துல நூல் வந்திருக்குதாம். ஒரெட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்க."

போனேன். நூல்காரர் வீட்டில் இல்லை. 'இதோ வந்துருவாருங்க' என்றார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், மறுபடி உட்கார்ந்தேன். அவர்கள் கொடுத்த காப்பியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. நேரே பேல் பிரஸ்ஸுக்கு ஓடினேன். அது வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றது.

"ஆறுமுகம், இதிலிருந்த பேல்?"

"போயிருச்சுங்க. கல்கத்தாச் சரக்கு. வண்டி ஸ்டேசனே போய்ச் சேர்ந்திருக்குமுங்க."

"உள்ளே ஒரு பொட்டலம் இருந்துச்சே."

"பாத்தனுங்க. பார்ட்டிக்கு ஏதோ சாம்பிளுன்னு நெனச்சனுங்க. நசுங்கக் கூடாதுன்னு நடுமத்தியில வெச்சு, மேல நல்லா அடுக்கி, நாலாளு உட்டுத் திருகுனமுங்க."

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எங்கள் பேல்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே சாக்கு, ஒரே தையல், ஒரே மை. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். காதை வைத்துக் கேட்டேன். (எதைக் கேட்க எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.) ஐந்தாவது பேலை நான் முகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. ஆறுமுகம் சொல்லியனுப்பியிருக்கிறார்.

"என்னுங் மாப்ள தேடறீங்க?"

"எண்ணிக்கையில ஒரு சந்தேகமுங்க மாமா."

"மூக்குலயா எண்ணுவீங்க?"

என் மாமனார் யாரையும் அதட்டிப் பேசமாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை கூடும். அவர் மெதுவாக நடந்து கடைசி பேலருகே நின்றார். அதன் விலாவில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் ஊறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் மாப்ள, நாம பனியன் யாவாரந்தானுங்களே பண்றோம். எண்ணெய் யாவாரம் எப்பங்க ஆரம்பிச்சீங்க?"

பேலை அங்கேயே பிரித்தார்கள். வெள்ளைப் பனியன்கள் டஜன் டஜனாக, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரே இடத்தில் ஒரே பழுப்புக் கறையோடு வந்தன. நடுவில் கையுறை. பந்து பிளந்து இரண்டு தோசையாகியிருந்தது. ஆவியில் வெந்த தோல் சுருங்கி, அழுத்தத்தில் தட்டையாகி, ஆறியதும் பலகையாக இறுகிவிட்டது. மாமனார் அதை விரல் கணுவால் தட்டினார். டொக் டொக் என்றது.

"நல்லா எளகியிருக்குதுங்க" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

இரவு மல்லிகா வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். விரல்களை நுழைக்கப் பார்த்தாள். விரல் இருந்த இடங்கள் ஒட்டிப்போயிருந்தன. அவள் அழவில்லை.

"பந்து போட்டுப் புடிச்சாலே எளகும்னு மாமா சொன்னாங்கல்லங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். போய்ப் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடந்தது. கையுறையும் ஆடியது. இரண்டு செங்கலுக்கு நடுவில் அதை நிறுத்தி ஸ்டம்பாக வைத்துக்கொண்டார்கள். மல்லிகா மைதானத்து ஓரம் உட்கார்ந்து, முழங்காலில் தாடையை வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்று அவளையும் அதையும் பார்த்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தேன். வழியில் ஒரு புதுப் பந்து வாங்கியிருந்தேன். கேட்டருகே மல்லிகா இல்லை. உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, வா, பந்து போடறேன்."

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நாளைக்குங்கப்பா."

சரசு அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

கறைப் பனியன்களை மாமனார் விற்கவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் மாமன் மச்சான் அத்தனை பேர் வயிற்றிலும் என் விஞ்ஞானம் தெரியும். மாமனார் தனக்கென்று நாலைந்து எடுத்து வைத்து, நான் வரும் நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்வார். கையுறை அடுப்படிக்குப் போய், கொதிக்கிற குழம்புச் சட்டியை இறக்கி வைக்கிற மணையாகிவிட்டது. சில வருஷம் கழித்து மச்சினன் மறுபடி வந்தபோது, சரசு அவனுக்கு முன்னால் ரசச் சட்டியை அதன் மேல்தான் வைத்தாள். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை சொட்டுங்க மச்சான் உட்டீங்க?" என்றான்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது அவசரப்பட்டால், 'பேல் போட்டுறாதீங்க' என்பார்கள். பேரன் பேத்திகள்கூடச் சொல்கிறார்கள். பேல் என்றால் என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரசு இப்போது இல்லை. மல்லிகா உடுமலைப்பேட்டையில் இருக்கிறாள், அவளுக்கே தலை நரைத்துவிட்டது. எனக்குப் பொழுது போகாதபோது போன் பண்ணி, "கண்ணு, ஒரெட்டு வந்துட்டுப் போறியா?" என்று கேட்பேன்.

"நாளைக்குங்கப்பா" என்பாள், சிரித்துக்கொண்டே.

சில சமயம் மறுநாளே வந்து நிற்பாள். சில சமயம் வரமாட்டாள். எது கேலி, எது நிஜம் என்று குரலை வைத்து எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் கேட்டருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிறேன்.