கார்டுக்கு எதுக்கு ரிவிஷன்?

இனி ஹால் டிவியின் முகத்திலேயே விழிப்பதில்லை என்று கணக்கு வாத்தியார் சபதம் செய்தார். மனைவியும் மாமியாரும் அங்கே சீரியலில் அழுதுகொண்டிருக்க, அவருடைய மேட்ச் நாதியில்லாமல் கிடந்தது. கம்ப்யூட்டருக்குள் ட்யூனர் கார்டைச் செருகினால் அதிலேயே டிவி தெரியுமாம். சயின்ஸ் வாத்தியார் வீட்டில் ஜோராக ஓடுவதைப் பார்த்துவிட்டு, அதே பெயர், அதே பெட்டி என்று வாங்கி வந்தார்.

செருகினார். கூட வந்த சிடியைப் போட்டார். 'கார்டு எதுவும் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"என் கையால செருகியிருக்கேன், என்கிட்டயே இல்லைங்குது!"

மூன்று நாள் கழற்றினார், மாட்டினார், திட்டினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கார்டு ஓரத்துல பொடியா என்னமோ எழுதியிருக்கே?"

"பொடி எழுத்தைப் படிச்சா படம் வருமா? போய் சீரியலைப் பாரு!"

"சரிங்க" என்று போய்விட்டாள். அவள் உடனே சரி என்றபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் காலிப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப்போய், மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், உங்க கார்டு எந்த ரிவிஷன்?"

"ரிவிஷன் பரீட்சைக்கு முன்னாடி பண்றது. கார்டுக்கு எதுக்குய்யா?"

"அதே பேர்ல உள்ளே சிப்பை மாத்திட்டோம் சார். சிடியில இருக்கிற பழைய டிரைவர் சாஃப்ட்வேருக்குப் புது கார்டைத் தெரியாது."

"உள்ளே மாத்தினவங்க பெட்டி மேல மாத்த மாட்டீங்களா? பேரு ஒண்ணு, ஆளு வேறன்னா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம்!"

சயின்ஸ் வாத்தியார் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்தார்.

"பெட்டியில சீரியல் நம்பர் இருக்கும், சொல்லுங்க சார்."

"இங்கேயும் சீரியலா!" பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இந்தக் கார்டுக்குக் காலையிலேயே சொல்லிக் கொடுத்தாச்சே சார்! ஓரத்துல இதே நம்பரும் ரிவிஷன் ரெண்டுன்னும் போட்டிருக்குன்னு ஒரு அம்மா படிச்சுச் சொன்னாங்க. எங்க சைட்லேர்ந்து புது டிரைவரை இறக்கிப் போட்டாங்க. படம் கண்ணாடி மாதிரி இருக்காமே!"

அரைநாள் லீவு போட்டுவிட்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினார். ஹால் டிவியில் மாமியார் ஒரு சீரியல். அறையில், அவர் நாற்காலியில், அவர் கம்ப்யூட்டரில், மனைவி இன்னொரு சீரியல்.

"ரெண்டும் ஒரே நேரத்துல வருதுங்க. அம்மாவுக்கும் எனக்கும் தினம் சண்டை. நல்லவேளை, கார்டு வாங்கினீங்க."

"நான் வாங்கினது மேட்ச் பார்க்க! இன்னிக்குத்தான் ஃபைனல்!"

"சத்தம் போடாதீங்க, ஒண்ணும் கேக்கலை. அந்தக் கதவைச் சாத்துங்க."

சாத்தினார்.

"வெளியே போய்ச் சாத்துங்கன்னேன்."