மழை அலாரமும் ஃபேக்டரி சங்கும்

சங்கு ஊதியபோது தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், மளிகைக்கடைப் பழனியண்ணன் இருந்தார், வேலையில்லாமல் எஸ்டேட் மொத்தமும் இருந்தது. அந்தச் சங்கை நிறுத்தத் தெரிந்த ஒரே மேதை மட்டும் சால்டர் செய்ய ஈயம் வாங்கக் கூடலூர் போயிருந்தான். (நான்தான்.)

தேயிலை விலை படுத்துக்கிடந்த காலம். தேவர்சோலைப் பக்கம் எங்கள் ஃபேக்டரியைப் பூட்டி, வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதி மாதக்கணக்காகியிருந்தது. பழனியண்ணன் கடையில் ‘கடன் இல்லை’ அட்டை தொங்கியது. குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், அதிலும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, சும்மா இருக்கலாமா? மழை அலாரம் செய்தேன். செப்புக்கோடு போட்ட அட்டையில் தண்ணீர் பட்டால் பஸ்ஸர் கத்தும். அம்மா ஓடிவந்து துணியை எடுக்கலாம்.

"ஏஞ்சாமி, உன்ற பொட்டி கொசுவாட்டம் கத்துது. நா கொழாயடில இருந்தா எப்படிக் கேக்கும்?" என்றார் அம்மா.

படித்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய இரும்புக்கடையில் ஒரு மோட்டார் சைரனைப் பிடித்து, பஸ்ஸர் இருந்த இடத்தில் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் வைத்து மாட்டினேன். ஊதவிட்டுப் பார்க்கவில்லை. (அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாம்!) "கை வெச்சா ஷாக் அடிக்கும், தொடாதீங்க" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

என் பாடப்புத்தகத்தில் மழை இருந்தது, மூடுபனி இல்லை. நான் பஸ் ஏறியதும் அது இறங்கி அட்டையை நனைத்துவிட்டது. மூடுபனிக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்து இறங்கும்போதே சங்குச் சத்தம் காதில் விழுந்தது. "ஃபேக்டரி தொறந்துட்டாங்க!" என்று நானும் கத்திக்கொண்டு ஓடினேன். கடையில் ‘கடன் இல்லை’ அட்டையைக் காணோம். பழனியண்ணன் ஊருக்கே அரிசி அளந்துகொண்டிருந்தார்.

"சம்பளம் வந்து குடுங்க, என்ன அவசரம்? ஏனுங்க தம்பி, உங்களுக்கும் உள்ள எலக்ட்ரீசியன் வேலை உண்டுங்க!" என்று கையில் லட்டைத் திணித்தார். பாதி லட்டு முடிவதற்குள் நான் மனதுக்குள் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன்.

அப்போதுதான் அம்மா காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "டேய், துணியெல்லா அப்பவே எடுத்துட்டேன். உன்ற பொட்டி இன்னும் நிக்கமாட்டேங்குது, வந்து பாருடா!"

பழனியண்ணனின் அளவுப்படி பாதியில் நின்றது. சங்கு மட்டும் ஊதியது.

ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டு அப்பாவைத் தேடிப் போனேன். பூட்டிய ஃபேக்டரி கேட்டில், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றிருந்தார். காலடியில் உடைத்த தேங்காய். சொன்னேன். என்னை அடிக்கவில்லை, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"ஒலை வெச்ச அரிசியத் திருப்பிக் கேக்க எனக்கு வாய் வராதுங்க. சங்கு ஊதுன ஊட்டுக்காரங்க குடுத்துருங்க" என்றார் பழனியண்ணன், அட்டையை மறுபடி மாட்டியபடி.

இன்றும் நான் ஸ்குரூடிரைவரைத் தொட்டால் போதும், "காக்கிச் சட்டைய எடுக்கட்டுமாடா?" என்று அப்பா கேட்பார், அம்மா சிரிப்பார். அன்று நனையாமல் தப்பியவை இரண்டு சேலை, ஒரு துண்டு, என் பேன்ட். ஊர் அரிசிக்கு ஆன செலவு நாலாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய். தேங்காய் தனி.