உள்ளங்கையார் ஓட்டிய ஆவி

ஒரு பேயோட்டி எங்கள் மாடிப்படியில் இறங்கி ஓடிய வேகத்தில் அவருடைய நிழல் பின்தங்கிவிட்டது. மறுநாள் காலையில்தான் அது இறங்கிப் போனது. என் மச்சான் இதை நம்பமாட்டார். மழை பெய்கிறது என்று நான் சொன்னாலே கையை வெளியே நீட்டிப் பார்க்கிற ஆசாமி.

ஓடியவர் கணினிக்குப் பேயோட்டுகிறவர். பெயர் உள்ளங்கையார். கூட்டத்தைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கணினிமேல் உள்ளங்கையை வைப்பார்; கண் திறந்தால் கோளாறு போயிருக்கும். அவர் வாசலில் கணினிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடி ஜனம் நிற்கும். வரிசையின் வால் அடுத்த ஊரில் இருக்கும். எல்லாரும் படித்தவர்கள். திரையில் வருவதை மட்டும் படிக்காதவர்கள்.

என் மனைவி அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். அன்று, திருத்தி முடித்த புத்தகம் கணினியில் திறக்க மறுத்தது. சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் அச்சகம் இனி அவளைக் கூப்பிடாது. வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில், "தூரத்துலேருந்து உதவுற மென்பொருளைப் போடும்மா. நான் உள்ளே வந்து எடுத்துத் தர்றேன்" என்றாள். போட்டால், ‘நிறுவ முடியவில்லை.’ மறுபடி போட்டால் மறுபடியும் அதே.

"இது உள்ளங்கையார் கேஸ்" என்று மச்சான் கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் மனைவி ஒரு விபரீதம் செய்தாள். திரையில் இருந்ததை முழுதாகப் படித்தாள். ‘பழைய நிறுவல் பாதியில் நிற்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்தபின் முயலவும்.’ கணினியை அணைத்து மறுபடி போட்டாள். மென்பொருள் சமர்த்தாக உட்கார்ந்தது. மகள் உள்ளே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

படியில் காலடிச் சத்தம்.

"நீங்க வாயைத் திறக்காதீங்க," என்றாள் மனைவி. "சரியாப்போனதுக்கு என்ன வைத்தியம் பண்றார்னு பாப்போம்." ஃபோனைத் துண்டிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மச்சான் வழிகாட்ட, உள்ளங்கையார் பாதித் தெருவோடு வந்தார். கை வைத்தார். முகம் கறுத்தது.

"உள்ளே ஒண்ணு உக்காந்திருக்கு. எதையும் நிறுவ விடாது. எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினோம். நானும் மனைவியும் பாதிதான் மூடினோம். அவருடைய மறு கை மெதுவாகச் சுவரை நோக்கிப் போனது.

"சுவிட்சை அணைக்கப் போறார்," என்று மடியிலிருந்த ஃபோனிடம் கிசுகிசுத்தாள் மனைவி.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. எழுத்துகள் பெரிசு பெரிசாக விழுந்தன: ‘கையை எடுங்க ஐயா. நான் உள்ளேதான் இருக்கேன்.’

அவர் அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கடிகாரம் நின்றுபோனது. கூட்டம் கண்ணைத் திறந்தபோது சுவிட்சில் ஒட்டிய ஒரு கையைப் பார்த்தது. அடுத்த நொடி கையும் இல்லை, ஆளும் இல்லை.

"உள்ளே இருக்கிறது என் பொண்ணு," என்றாள் மனைவி. மடியிலிருந்து மகள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

"அப்போ என் கணினியில இருந்த ஆவி?" என்று கேட்டார் கூட்டத்தில் நின்ற பல் டாக்டர்.

"அதையும் சுவிட்ச்தான் ஓட்டியிருக்கும், டாக்டர்," என்றாள் மனைவி.

புத்தகம் நேரத்துக்கு அச்சகம் போய்ச் சேர்ந்தது.

நேற்று விருந்தாளிகளிடம் இதைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை, எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். நான் சொன்னால் மழைக்கே கையை நீட்டுகிறவர், உள்ளங்கையார் சொன்னதும் கண்ணை மூடியவர். எவன் மூடச் சொல்கிறானோ அவன் எதிரில்தானே கண்ணைத் திறந்து வைக்க வேண்டும்?

"நிழல் சமாச்சாரம் புளுகு," என்றார் மச்சான். "ஆனா அவர் ஓடினது நிஜம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு முன்னாடி ஓடினது நான்தானே."