நான்கு விரல் இறங்கிய அமரர் ஊர்தி

மதிப்பும், அதைவிட ஒரு பிடி கூடுதலாகப் பயமும் வைத்திருக்கும் என் அக்காவுக்கு,

உங்கள் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, உங்கள் மகன், பெட்டி தூக்கும் நான்கு பேர், எல்லோரும் சுகம். நம் தொழிலில் இருந்துகொண்டு ‘எல்லோரும் சுகம்’ என்று எழுத எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம்தான். கண் அறுவைக்குப் பிறகு உங்களுக்கு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் அத்தானிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். அவர் நடுநடுவே சிரிப்பார். இது சிரிக்கிற கடிதம் இல்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் என்றால் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் என்னால் முழுசாகப் பேச முடியும். ஆகவே உட்கார்ந்துகொண்டு படிக்கவும். சாப்பிட்டுவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

விஷயம் நம் அமரர் ஊர்தியைப் பற்றியது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஷெட்டைத் திறக்கிறேன், வண்டி முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறது. பொய்யில்லை அக்கா, தலையில் குட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி அப்படியே குன்றிப்போய் நிற்கிறது. டயர் நாலும் காற்றுப் போய்விட்டதென்று குனிந்து பார்த்தேன். நாலும் கல்லு மாதிரி இருக்கின்றன. டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற தகட்டு வளைவுக்கும் நடுவில் முன்பு என் கை முழுசாகப் போகும். இப்போது விரல் நுனியே தடுமாறியது. அப்போது உங்கள் மகன் கையில் எண்ணெய்த் துணியோடு வண்டிக்குப் பின்னாலிருந்து வருகிறான், முகமெல்லாம் சிரிப்பு.

“மாமா, நாலு விரல் இறக்கிட்டேன்!” என்றான்.

“யாரை இறக்கினே? நேத்து நாம யாரையும் ஏத்தவே இல்லையே?” என்றேன் நான்.

“ஆளை இல்ல மாமா. வண்டியை.”

இருபத்தாறு வருஷமாக அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்டா என்றால், “சொன்னா விடுவீங்களா?” என்கிறான். வாலிபப் பசங்கள் கார்களைத் தரையில் தேய்கிற மாதிரி இறக்கிக்கொண்டு, பாட்டைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு போவார்களே, அந்தப் பைத்தியம்தான் இவனுக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் போகிற காராக இருந்தாலாவது சரி. நம் வண்டியில் ஏறுகிற எவருக்கு அக்கா ஸ்டைல் வேண்டியிருக்கிறது? எப்படி இறக்கினான் என்று விசாரித்தால் அதைவிட அதிர்ச்சி. மூலைக்கடை வெல்டரிடம் கொண்டுபோய், நாலு ஸ்பிரிங்கிலும் தலைக்கு ஒன்றரைச் சுற்று வெட்டி எறிந்திருக்கிறார்கள். வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி! “ஓட்டிப் பாருங்க மாமா, ஒரு வித்தியாசமும் தெரியாது” என்று சாவியை என் கையில் திணித்தான். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பத்து மணிக்கு ஒரு வேலை இருந்தது.

அது ஓய்வுபெற்ற ஒரு தபால்காரருடைய கடைசிப் பயணம். தங்கமான மனிதர் என்று தெருவே வந்திருந்தது. அவர் மனைவி எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார், பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் கார்களில் சொந்தபந்தம். தெரு முனை திரும்பும்வரை ஒன்றும் இல்லை. நம் வண்டி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும், மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் தளும்பாது, அப்படி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அன்றைக்கு முதல் பள்ளத்தில் வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. என் தொப்பி கூரையில் இடித்தது. மலர்வளையம் ஒன்று பின்னாலிருந்து பறந்து வந்து என் தோளில் விழுந்தது. நான் வேர்த்து விறுவிறுத்து, மாட்டு வண்டி வேகத்துக்கு இறக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாக மூன்று கோடு மாதிரி வேகத்தடை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதன் மேல் ஏறினோம். பின்னால் பெட்டி பக்கப் பலகையில் போய் மோதியது. டொக். டொக். டொக்.

“நிறுத்துங்க!” என்று அந்த அம்மா அலறினார். “அவர் தட்டுறார்! மூணு தட்டு! முப்பத்தெட்டு வருஷமா அவர் வீட்டுக் கதவை இப்படித்தான் தட்டுவார்!”

நடு ரோட்டில் நிறுத்தினேன். பின்னால் வந்த பதினோரு காரும் நின்றன. ஸ்பிரிங்தான் அம்மா, வண்டிதான் அம்மா என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இறந்தவருடைய மருமகன் ஒரு டாக்டர் என்று யாரோ முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் பல் டாக்டர். மூடியைத் திறந்ததும் பாவம் பழக்க தோஷத்தில் முதலில் வாயைத் திறக்கப் போனார். அப்புறம் நினைவு வந்து கையைப் பிடித்து நாடி பார்த்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “இல்ல அத்தை” என்றார். அந்த அம்மா மறுபடியும் முதலிலிருந்து அழ ஆரம்பித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நம் தொழிலில் ஒருவரை ஒரு தடவை இழக்க வைப்பதே பெரிய பாரம். நான் அவரை அன்றைக்கு இரண்டு தடவை இழக்க வைத்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்த அம்மா நம் ஆபீஸ் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். போலீஸா, பேப்பரா, எதுவாக இருந்தாலும் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்து எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். வண்டியைச் சரிசெய்துவிடுகிறோம் என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “மன்னிப்பு எதுக்குங்க?” என்றார். “அவர் போனப்ப நான் பக்கத்துல இல்ல. கடைக்குப் போயிருந்தேன். நேத்து அந்த ரெண்டு நிமிஷம் அவர் உசுரோட இருந்தார்ல? எனக்கு அது போதும். எனக்கும் இதே வண்டிதான் வரணும். இதே ரோடு வழியா. எழுதி வச்சுக்குங்க.”

எந்தத் தேதி என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது அக்கா. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் போனபிறகு வெகுநேரம் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

ஆனாலும் வண்டியை அப்படியே விட முடியுமா? எல்லோரும் அந்த அம்மா மாதிரி இருப்பார்களா? பழைய அளவிலேயே ஸ்பிரிங் போடு என்று சொன்னேன். முடியாது என்றான் உங்கள் மகன். இறக்கினது இறக்கினதுதானாம், ஆனால் ஓட்டம் பழைய மாதிரி மெத்தென்று இருக்கும்படி செய்து காட்டுகிறானாம். ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனான். ஸ்பிரிங்கம்மா என்றால் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் போய், வெட்டின ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்து, வெளியே வந்து, “இதை யார் வெட்டினது?” என்றார். உங்கள் மகன் என்னைப் பார்த்தான். அக்கா, அவன் என்னைப் பார்த்தான்!

“ஏங்க பெரியவரே, வயசுக்கேத்த வேலையா இது?” என்று ஸ்பிரிங்கம்மா எனக்கு விட்டார் பாருங்கள் ஒரு டோஸ். “வண்டி தாழணும்னா தாராளமா தாழட்டும். ஆனா ஸ்பிரிங் அமுங்க எடம் வேணாமா? வெட்டிட்டா அது விறைச்சுப் போயிடும். கொஞ்சம் அமுங்கினதுமே ரப்பர் கட்டையில போய் முட்டும். அந்த முட்டுதான் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடுது. பழைய ஷாக் அப்சார்பர் பழைய உயரத்துக்குச் செஞ்சது. அது என்ன பண்ணும், பாவம்?”

கேட்கக் கேட்க, வெட்டினது நான்தானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. நான்கு நாள் வேலை. குட்டையாகவே செய்த புது ஸ்பிரிங் போட்டார். அது முதலில் மெதுவாக அமுங்கி, போகப்போகத்தான் இறுகுமாம். அதற்கு ஜோடியாகக் குட்டை ஷாக் அப்சார்பர், சின்ன ரப்பர் கட்டை, கடைசியில் சக்கரத்துக்கு அலைன்மெண்ட். டயரை மெல்லிசாக மாற்றலாமா என்று உங்கள் மகன் ஆசையாகக் கேட்டதற்கு, “அந்தக் கனமான டயரும் ஒரு மெத்தைதான், கை வைக்காதே” என்று அவனுக்கும் ஒரு டோஸ் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிறகுதான் சோதனை ஓட்டம். மணல் மூட்டையை ஏற்றலாம் என்றேன். “மணல் மூட்டை வாயைத் திறந்து எங்க இடிக்குதுன்னு சொல்லுமா மாமா?” என்றான். பெட்டியில் ஆள் படுக்க வேண்டுமாம். நம் பெட்டி தூக்குகிறவர்களில் மூத்தவர், கப்பல் என்று நாம் கூப்பிடுகிற அந்த மலை மாதிரி மனிதர், அவர் தோளே பெட்டிக்குள் போகாது. மற்ற மூவரும் அன்றைக்கு லீவு. மிச்சம் யார்? நான். மூடி வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஏறிப் படுத்தேன். இத்தனை வருஷம் முன் சீட்டிலேயே இருந்த எனக்கு, பின்னால் படுப்பவருக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூரைத் துணி கிழிந்து தொங்குகிறது அக்கா. இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அவன் ஓட்ட, கிளம்பினோம். சந்தை முனை, ஒன்றும் இல்லை என்று எழுதினேன். ரயில்வே கேட், லேசாக ஒரு தாலாட்டு என்று எழுதினேன். பள்ளிக்கூடத்து வேகத்தடை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. நோட்டில் அதற்கப்புறம் ஒரு கோணல் கோடுதான் இருக்கிறது. தூங்கிவிட்டேன். சத்தம் கேட்டுத்தான் விழிப்பு வந்தது. ஷெட்டுக்குள் நிற்கிறோம், உங்கள் மகன் என் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறான்.

“மாமா! கூப்பிடுறேன், கூப்பிடுறேன், எழுந்திரிக்க மாட்டேங்கிறீங்களே! கப்பலண்ணன் முதுகு ஒடிஞ்சு போகுதேன்னுதானே மாமா வண்டியை இறக்கினேன்! நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கித் தூக்கி அவர் ராத்திரியில படுக்க முடியாம உக்காந்திருக்கார்னு அவர் சம்சாரம் வந்து அழுதாங்க மாமா! இப்ப உங்களைக் கொன்னுட்டேனே!”

கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கப்பல் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நானும்தான் மாதக்கணக்கில் பார்த்தேன். தைலம் தடவிக்கொள் என்று சொன்னதோடு சரி. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எனக்காக ஒருவன் அப்படி அழுவதை இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலவும் இருந்தது. அதற்குள் கப்பல் ஓடி வந்து, “ஐயோ, என் ராசா!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, பழக்கத்தில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டார். உங்கள் மகன் அந்தப் பக்கம் பிடித்தான். பெட்டி வெளியே வந்தது. அழுகை சட்டென்று நின்றது.

“தம்பி,” என்றார் கப்பல். “முதுகு வலிக்கலடா.”

“நிஜமாவா அண்ணே?”

“சத்தியமா. ஒசரம் கச்சிதமா இருக்கு.”

“அப்படியா?” என்று நான் எழுந்து உட்கார்ந்தேன்.

போட்டுவிட்டார்கள் அக்கா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டுவிட்டு, ஒருவன் டயர் அடுக்கின் மேலும் ஒருவர் தெருவிலும் போய் விழுந்தார்கள். நான் பெட்டியோடு தரைக்கு வந்தேன். பழைய உயரமாக இருந்தால் இடுப்பு முறிந்திருக்கும், நான்கு விரல் குறைந்ததால் வெறும் வீக்கம்தான் என்று எலும்பு டாக்டர் சொன்னார். இதை நான்கு தலையணை மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். வண்டி நன்றாகவே ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். கப்பலும் நிமிர்ந்து நடக்கிறார். ஆனால் என்னைக் கேட்காமல் செய்தது தப்பா இல்லையா? தாயான உங்களுக்குக்கூடச் சொல்லாமல் அவன் செய்த துணிச்சலை நீங்கள் கண்டிக்க வேண்டுமா இல்லையா? உடனே கிளம்பி வந்து நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி கேட்கவும். நீங்கள் கேட்டால்தான் அவனுக்கு ஏறும்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்; எல்லோரும் நூறாண்டு இருந்து, நம் வண்டியின் பக்கமே வராமல் வாழ வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உங்கள் மகனிடம் கொடுத்தேன். உறையில் போடும்போது படித்துவிட்டு முகம் வெளிறி ஓடி வந்தான். வண்டியை இறக்கச் சொன்னதே நீங்கள்தானாமே! கப்பலின் சம்சாரம் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தாராமே! நான்கு விரல் என்று அளவு சொன்னதும் நீங்கள்தானாம். “மாமாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதே, ஆடிப்போயிடுவான்” என்றீர்களாம். ஸ்பிரிங்கம்மாவிடம் போகச் சொல்லி நீங்கள் சொன்னதைக் கேட்காமல் அவன் வெல்டரிடம் போய் வெட்டினது மட்டும்தான் உங்களுக்குத் தெரியாதாம். தபால்காரர் விஷயமும் தெரியாதாம். அதை எழுதிவிடாதீர்கள் மாமா என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். மறுபடி எழுத என் இடுப்பில் தெம்பு இல்லை. ஆகையால், தயவுசெய்து இரண்டாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் படிக்காமல் விட்டுவிடவும்.